மேலே ஒரு பில், கீழே ஒரு பில்: டிடக்டிபிள் தொகையை எப்படி முடிவு செய்வது?

சென்ற வருடம் தை மாதத்தில், புல்வெளியெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடந்த ஒரு விடியற்காலையில், எங்கள் அலுவலகத்தின் மூத்த ஊழியர் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தது. கோத்தகிரிக்குப் பக்கத்து ஊர்க்காரர், வயது 54, எங்கள் எல்லோருக்கும் அண்ணன். அருகிலிருந்த மருத்துவமனையில் இரண்டு நாள் வைத்திருந்து, ரத்தக்கட்டைக் கரைக்கும் மருந்து கொடுத்து, உடம்பை ஒரு நிலைக்குக் கொண்டுவந்தார்கள். மூன்றாம் நாள் ஆம்புலன்ஸில் மேட்டுப்பாளையம் மலைப்பாதை வழியாக இறக்கிக் கோயம்புத்தூரில் சேர்த்தோம். இரண்டு ஸ்டென்ட், இடையில் நுரையீரலில் தொற்று, அங்கே ஒன்பது நாள். பிழைத்துவிட்டார்.

ஒரு மாதம் கழித்து இரண்டு கோப்புகளைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். குன்னூரில் நான் பார்ப்பது சம்பளக் கணக்கு வேலை. அதோடு ஊழியர்களின் காப்பீட்டுக் காகிதங்களும் என்னிடம்தான் வரும். மேலே உள்ள மருத்துவமனையின் பில் 62,000 ரூபாய். கீழே கோயம்புத்தூர் பில் 4,85,000. இரண்டும் சேர்ந்து 5,47,000. அலுவலகம் ஊழியர்களுக்காக எடுத்திருக்கும் எங்கள் குரூப் பாலிசி 3 லட்சம் வரை கொடுத்தது. மிச்சம் 2,47,000. அதற்கு அவர் கவலைப்படவில்லை. ஐந்து வருடத்துக்கு முன்பே சொந்தமாக ஒரு டாப்-அப் பாலிசி, அதாவது ஒரு தொகைக்கு மேல் போகும் செலவுக்கு மட்டும் கைகொடுக்கும் காப்பீடு, எடுத்து, ஒரு வருடம்கூட விடாமல் பிரீமியம் கட்டி வந்திருந்தார். அதிலிருந்து வந்த கடிதத்தை விரித்துக் காட்டினார். கிடைக்கும் தொகை என்ற இடத்தில் சுழியம்.

“ஏன் தம்பி, பில் மொத்தம் ஐந்தரை லட்சத்தைத் தொட்டுவிட்டதே, ஏன் தரமாட்டார்கள்?” என்று கேட்டார்.

அன்று அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதிலைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். அவர் பாலிசியில் போட்டிருந்த டிடக்டிபிள் 5 லட்சம். தமிழில் கழிவுத்தொகை எனலாம். மருத்துவச் செலவில் இந்தத் தொகை வரை அந்த நிறுவனம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காது. அதற்கு மேல் போனால்தான் அதன் பொறுப்பு தொடங்கும். கீழே உள்ள அந்தத் தொகையை யார் கட்டினார்கள் என்பது அவர்களுக்குப் பொருட்டில்லை. உங்கள் அலுவலகத்தின் காப்பீடு கட்டியிருக்கலாம், நீங்கள் நகையை வைத்துக் கட்டியிருக்கலாம். செலவு அந்த 5 லட்சம் என்ற எல்லைக்கோட்டைத் தாண்டியதா என்பது மட்டுமே கேள்வி.

அந்தக் கோட்டை எப்படித் தாண்ட வேண்டும் என்பதில்தான் டாப்-அப் வேறு, சூப்பர் டாப்-அப் வேறு. வெறும் டாப்-அப் பாலிசியில் பொதுவாக ஒவ்வொரு முறை மருத்துவமனையில் சேர்வதும் தனித்தனியாக அந்தக் கோட்டைத் தாண்ட வேண்டும். சில பாலிசிகளில் ஒரே நோய்க்கான தொடர் சிகிச்சையைச் சேர்த்துக் கணக்கிடும் விதி உண்டு. அண்ணனுடைய பாலிசியில் அது இல்லை. எனவே 62,000 தனி, 4,85,000 தனி. இரண்டுமே 5 லட்சத்துக்குக் கீழ். சூப்பர் டாப்-அப்பில் பாலிசி வருடம் முழுவதும் ஆன செலவைக் கூட்டிப் பார்ப்பார்கள். அதே 5 லட்சம் டிடக்டிபிளோடு அவர் சூப்பர் டாப்-அப் எடுத்திருந்தால் 47,000 கிடைத்திருக்கும். கைப்பணம் 2 லட்சம் போயிருக்கும். 3 லட்சம் டிடக்டிபிளோடு எடுத்திருந்தால் மிச்சமிருந்த 2,47,000 ரூபாயும் வந்திருக்கும்.

மலையில் இருப்பவர்களுக்கு வெறும் டாப்-அப் பொருந்தவே பொருந்தாது என்று நான் உறுதியாகச் சொல்கிறேன். சமவெளி நகரத்தில் ஒருவர் நேராகப் பெரிய மருத்துவமனையில் சேர்வார். ஒரு நோய்க்கு ஒரு பில். நமக்கு அப்படி இல்லை. உதகையில் 2025 ஏப்ரலில் 700 படுக்கைகளோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறக்கப்பட்டது பெரிய ஆறுதல். ஆனாலும் தனியார் மருத்துவமனையில் பெரிய சிகிச்சை என்று வரும்போது குன்னூர், கோத்தகிரிக்காரர்கள் கோயம்புத்தூருக்கு இறங்குகிறார்கள். கூடலூர், பந்தலூர்க்காரர்கள் சுல்தான் பத்தேரிக்கோ கோழிக்கோட்டுக்கோ போகிறார்கள். மேலே முதலுதவி, கீழே சிகிச்சை, திரும்பி வந்து மேலேயே மறுபடி இரண்டு நாள். ஒரே நோய் மூன்று பில்லாக உடைகிறது. உடைந்த பில்களைக் கூட்டிப் பார்க்காத பாலிசி நம் கைக்கு உதவாது.

அடுத்தது, எத்தனை லட்சம் டிடக்டிபிள் என்ற கேள்வி. காப்பீடு விற்பவர்கள் சொல்லும் வழக்கமான கணக்கு, உங்கள் கம்பெனி எவ்வளவு தருகிறதோ அதே தொகையை டிடக்டிபிளாகப் போடுங்கள் என்பது. கம்பெனி 5 லட்சம் என்றால் டிடக்டிபிளும் 5 லட்சம். இரண்டு பலகைகளை ஒட்டிவைத்த மாதிரி இடைவெளி இல்லாமல் இருக்கும் என்கிறார்கள். காகிதத்தில் அது சரிதான். நடப்பில் அந்த ஒட்டு பல இடங்களில் விட்டுப்போகிறது.

முதல் இடம், குடும்பம். பெங்களூரில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் பலர் அலுவலகக் காப்பீட்டில் அப்பா அம்மாவையும் சேர்த்திருக்கிறார்கள். அந்த 5 லட்சம் ஒருவருக்கு அல்ல. கணவன், மனைவி, குழந்தைகள், பெற்றோர் என்று ஆறு பேருக்கும் பொதுவான ஃப்ளோட்டர் தொகை. கோத்தகிரியில் இருக்கும் அப்பாவின் முழங்கால் மூட்டு மாற்றுக்கு 4 லட்சம் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். அதே வருடம் மகனுக்கு விபத்து, 3,50,000 செலவு. கம்பெனியில் மிச்சம் இருப்பது 1 லட்சம். மகன் தனக்கும் மனைவிக்கும் மட்டும் எடுத்திருந்த சூப்பர் டாப்-அப்பில் டிடக்டிபிள் 5 லட்சம். அப்பாவின் 4 லட்சம் அந்தக் கணக்கில் ஏறாது, ஏனென்றால் அப்பா அந்தப் பாலிசியில் இல்லை. மகனுடைய 3,50,000 மட்டுமே கணக்கு, கோட்டைத் தொடவில்லை. இரண்டரை லட்சம் கைப்பணம். கம்பெனியின் 5 லட்சமும் அதற்கு மேல் சூப்பர் டாப்-அப்பும் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்த குடும்பம் இது.

இரண்டாவது இடம், தேதி. இதைப் பெரும்பாலோர் கவனிப்பதே இல்லை. கம்பெனி பாலிசி ஏப்ரல் 1-ல் தொடங்கி மார்ச் 31-ல் முடிகிறது. உங்கள் சொந்தப் பாலிசி செப்டம்பர் 10-ல் தொடங்குகிறது என்று வையுங்கள். ஜூலையில் ஒரு சிகிச்சை, இரண்டரை லட்சம். நவம்பரில் இன்னொன்று, மூன்றரை லட்சம். கம்பெனி முதலாவதை முழுதாகவும் இரண்டாவதில் இரண்டரை லட்சத்தையும் கட்டி 5 லட்சத்தை முடித்துவிடும். மிச்சம் 1 லட்சம். சூப்பர் டாப்-அப்பிடம் போனால், ஜூலைச் செலவு அதன் பழைய வருடத்தில் விழுந்துவிட்டது. புதிய வருடத்தில் மூன்றரை லட்சம்தான் ஆகியிருக்கிறது. 5 லட்சம் டிடக்டிபிள் தாண்டவில்லை. ஒன்றும் வராது. இரண்டு பாலிசிகளும் ஒரே நாளில் தொடங்கியிருந்தால் அந்த 1 லட்சம் வந்திருக்கும். ஒரு தேதிக்கு 1 லட்சம் விலை. எனவே சொந்தப் பாலிசி எடுக்கும்போதே கம்பெனி பாலிசி தொடங்கும் நாளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதே நாளில் தொடங்குமாறு விண்ணப்பியுங்கள். சம்பளப் பிரிவில் கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள்.

மூன்றாவது, அறை வாடகை. 3 லட்சம் குரூப் பாலிசியில் அறை வாடகை நாளுக்கு 1 சதவீதம், அதாவது 3,000 ரூபாய் என்று வரம்பு இருக்கலாம். கோயம்புத்தூரில் 6,000 ரூபாய் அறையில் இருந்தால், அறை வாடகையோடு மருத்துவர் கட்டணம், அறுவை அரங்குக் கட்டணம் போன்றவற்றிலும் பாதியை வெட்டிவிடுவார்கள். மருந்துக்கும் உடம்பில் பொருத்தும் கருவிக்கும் இந்த வெட்டு கிடையாது. பில் 3 லட்சம் இருந்தும் கம்பெனியிலிருந்து வருவது குறைந்துவிடும். குறைந்த பகுதியை டிடக்டிபிளுக்குக் கீழே நீங்கள்தான் கட்ட வேண்டும்.

அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் இதில் தனியாக யோசிக்க வேண்டும். 2021 ஜூலை 1-ல் தொடங்கிய தமிழக அரசு ஊழியர் நலக் காப்பீட்டுத் திட்டத்தில் மாதம் 300 ரூபாய் பிடித்தம் செய்து, 5 லட்சம் வரை, குறிப்பிட்ட சில பெரிய சிகிச்சைகளுக்கு 10 லட்சம் வரை அளித்தார்கள். அந்த 5 லட்சம் ஒரு வருடத்துக்கு அல்ல, நான்கு வருடங்களுக்கும் சேர்த்து. சூப்பர் டாப்-அப்பில் டிடக்டிபிள் ஒவ்வொரு வருடமும் புதிதாக முதலிலிருந்து தொடங்கும். முதல் வருடம் மனைவியின் சிகிச்சைக்கு 4 லட்சம் செலவழித்துவிட்ட உதகை ஆசிரியர் ஒருவருக்கு, மூன்றாம் வருடம் அரசுத் திட்டத்தில் இருப்பது 1 லட்சம். 5 லட்சம் டிடக்டிபிள் போட்டிருந்தால் நடுவில் 4 லட்சம் பள்ளம். திருமணமான ஊழியரின் பெற்றோருக்கு அந்தத் திட்டத்தில் இடமும் கிடையாது. அரசு வேலை என்பதால் காப்பீடு நிலையாக இருக்கும், உண்மை. ஆனால் வருடக் கணக்கும் நான்கு வருடக் கணக்கும் ஒன்றோடொன்று பொருந்தாது.

ஹோட்டல்களிலும் கடைகளிலும் வேலை பார்த்து ஈ.எஸ்.ஐ. பெறுபவர்கள் வேறொரு விளிம்பில் நிற்கிறார்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டினால், நடப்புச் சந்தா காலம் முடிந்ததும் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் நின்றுவிடும். சம்பள உயர்வு என்ற நல்ல செய்தியைத் தொடர்ந்து சில மாதங்களில் மருத்துவப் பாதுகாப்பும் போய்விடுகிறது. இவர்கள் டிடக்டிபிள் பாலிசியை மட்டும் நம்பக் கூடாது. சிறிய தொகைக்காவது டிடக்டிபிள் இல்லாத அடிப்படைப் பாலிசி ஒன்று வேண்டும்.

இவ்வளவையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குத் தெரிவது ஒன்றுதான். டிடக்டிபிள் என்பது கம்பெனி கொடுக்கும் வாக்கு அல்ல, நீங்கள் கொடுக்கும் வாக்கு. இத்தனை லட்சம் வரை என் பொறுப்பு என்று கையெழுத்திட்டுத் தருகிறீர்கள். கம்பெனி காப்பீடு இருக்கும் வரை அது உங்களுக்காகக் கட்டும். இல்லாத நாளில் நீங்கள்தான் கட்ட வேண்டும். உதகையில் பல குடும்பங்களுக்குச் சோறு போட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை இன்று இல்லை. தேயிலைத் தொழிற்சாலைகளில் வேலை எத்தனை நாள் என்பதைத் தேயிலை விலையும் தீர்மானிக்கிறது. தகவல் தொழில்நுட்ப வேலையும் ஒரு மின்னஞ்சலில் முடிகிறது. குரூப் பாலிசி பெரும்பாலும் வேலையின் கடைசி நாளோடு நின்றுவிடும்.

எனவே டிடக்டிபிளை முடிவு செய்ய நான் கேட்கும் கேள்வி இது: கம்பெனி இல்லாமல், நிலத்தை விற்காமல், இரண்டு நாளில் உங்களால் எவ்வளவு பணம் புரட்ட முடியும்? வங்கிச் சேமிப்பு, எடுக்கக்கூடிய சீட்டு, கூட்டுறவு வங்கியில் நகைக்கடன், அண்ணன் தம்பி மனமுவந்து கொடுப்பது, எல்லாம் சேர்த்துத்தான். தொழிற்சாலையிலிருந்து மாதாமாதம் வரும் பச்சைத் தேயிலைப் பணத்தை இதில் சேர்க்காதீர்கள். அது உரத்துக்கும் கூலிக்கும் ஏற்கெனவே பேசப்பட்ட பணம். நான் கேட்ட வீடுகளில் நிதானமாகக் கணக்குப் போட்டுப் பெரும்பாலோர் சொன்ன பதில் இரண்டு லட்சத்துக்கும் மூன்று லட்சத்துக்கும் இடையில்தான் இருந்தது. அப்படியிருக்க 5 லட்சம், 10 லட்சம் என்று டிடக்டிபிள் போடுவதற்குக் காரணம் பிரீமியம் குறைகிறது என்பது ஒன்றே.

எவ்வளவு குறைகிறது? அதையும் போட்டுப் பார்ப்போம். 3 லட்சம் டிடக்டிபிளுக்கும் 5 லட்சம் டிடக்டிபிளுக்கும் வருடப் பிரீமியத்தில் 1,800 ரூபாய் வித்தியாசம் என்று ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். அந்த 1,800 ரூபாய்க்காக நீங்கள் கூடுதலாகத் தோளில் ஏற்றுவது 2 லட்சம் ரூபாய் பொறுப்பு. மிச்சம் பிடிக்கும் பணம் 2 லட்சமாகச் சேர 111 வருடம் ஆகும். உங்கள் வீட்டில் 111 வருடத்தில் ஒரு தடவையாவது செலவு 5 லட்சத்தைத் தொடும் என்று தோன்றினால் 3 லட்சம்தான் மலிவு. உங்களுக்கு வரும் உண்மையான இரண்டு பிரீமியத் தொகைகளையும் இதே போல எழுதிக் கழித்து வகுத்துப் பாருங்கள். விடை பத்துப் பதினைந்து வருடம் என்று வந்தால், கையில் சேமிப்பும் இருந்தால், உயர்ந்த டிடக்டிபிளை நான் தடுக்க மாட்டேன். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்பப் பாலிசிகளின் பிரீமியத்துக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. நீக்கப்பட்டுவிட்டது, எனவே பழைய காகிதத்தை வைத்துக் கணக்குப் போடாமல் புதிய தொகையைக் கேட்டு வாங்குங்கள். பழைய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்கு மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்காக 25,000 ரூபாய் வரையும், 60 வயது கடந்த பெற்றோருக்குக் கட்டினால் 50,000 வரையும் வரிக்கழிவு உண்டு. அதற்காக மட்டும் பாலிசி எடுக்க வேண்டியதில்லை.

கம்பெனிதான் தருகிறதே, சொந்தப் பாலிசியை ஓய்வு பெறும்போது பார்த்துக்கொள்ளலாம் என்பவர்களை நினைத்தால்தான் எனக்கு உண்மையான பயம். புதிதாக எடுக்கும் பாலிசியில் விபத்து நீங்கலாக முதல் 30 நாள் எதற்கும் பணம் வராது. ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு. அதற்கான உச்சவரம்பை காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024-ல் 48 மாதத்திலிருந்து 36 மாதமாகக் குறைத்தது. 60 மாதம் தொடர்ந்து கட்டிவிட்டால், மோசடி நிரூபணமானால் தவிர, பழைய நோயைச் சொல்லவில்லை என்று காரணம் காட்டி க்ளெய்மை மறுக்க முடியாது. முன்பு இது எட்டு வருடமாக இருந்தது. கம்பெனி காப்பீட்டின் நிழலில் இருக்கும்போதே சொந்தப் பாலிசியைத் தொடங்கினால், ஒரு க்ளெய்மும் கேட்காமலேயே இந்த மாதங்கள் ஓடிக் கழிந்துவிடும். சில நிறுவனங்கள் குறிப்பிட்ட வருடங்கள் கழித்து டிடக்டிபிளைக் குறைக்கவோ அறவே நீக்கவோ வாய்ப்பு தருகின்றன. ஒரே மாதிரி இரண்டு பாலிசிகள் முன்னால் இருந்தால், இந்த வாய்ப்பு உள்ளதைத்தான் நான் எடுக்கச் சொல்வேன். வேலையை விடுபவர்கள் குரூப் பாலிசியிலிருந்து அதே நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறக் கேட்கும் உரிமையும் இருக்கிறது. கடைசி நாளுக்கு முன்பே எழுதிக் கேட்டுவிடுவது நல்லது.

காகிதம் பற்றி ஒரு வார்த்தை. இரண்டாவது நிறுவனம் பணம் தர, முதல் நிறுவனம் எவ்வளவு கொடுத்தது என்ற செட்டில்மென்ட் கடிதம், சான்றிடப்பட்ட பில் நகல்கள், டிஸ்சார்ஜ் அறிக்கை எல்லாம் வேண்டும். கம்பெனி பாலிசியிலேயே செலவு முடிந்துவிட்டாலும் சூப்பர் டாப்-அப் நிறுவனத்துக்குத் தகவல் சொல்லி, நகல்களைப் பத்திரப்படுத்துங்கள். அதே வருடம் இன்னொரு முறை மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால், பழைய பில்தான் டிடக்டிபிளைத் தாண்ட உதவும். மேலே உள்ள சிறிய மருத்துவமனையின் 62,000 ரூபாய் பில்லும் இதில் முக்கியம். அவசரத்தில் கீழே இறங்கும்போது அந்தக் காகிதம்தான் முதலில் தொலைகிறது.

அண்ணன் இப்போது சூப்பர் டாப்-அப்புக்கு விண்ணப்பித்தார். ஒரு நிறுவனம் இதய நோயைக் காட்டி மறுத்துவிட்டது. இன்னொன்று கூடுதல் பிரீமியத்தோடு ஏற்றுக்கொண்டது. இதயம் சம்பந்தப்பட்ட எதற்கும் 36 மாதம் பொறுக்க வேண்டும். அவர் 58-ல் ஓய்வு பெறுகிறார், அதற்குள் முடிந்துவிடும் என்று விரல்விட்டு எண்ணிச் சொன்னார். பிறகு பையிலிருந்து இன்னொரு விண்ணப்பத்தை எடுத்து, சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். மகளுடையது. வயது 24, பெங்களூரில் முதல் வேலை. அவளுடைய கம்பெனி 5 லட்சம் தருகிறது. டிடக்டிபிள் என்ற கட்டத்தில் அவள் 3 லட்சம் என்று எழுதியிருந்தாள். பாலிசி தொடங்கும் நாள், ஏப்ரல் 1.